வரப்பு தாண்டும் சீமைக் கருவேலம்



உங்கள் வயலுக்குப் பக்கத்தில் ஒரு தரிசு. அதன் சொந்தக்காரர் திருச்சி டவுனில் இருக்கிறார். நிலம் முழுக்கச் சீமைக் கருவேலம். "அவர் நிலம், அவர் முள்ளு, நமக்கென்ன?" என்று சும்மா இருந்துவிடுகிறோம். ஆனால் முள்ளு வரப்போடு நிற்குமா? ஆடு, மாடு நெற்றைத் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு உங்கள் வயலில் வந்து விழும்.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1919-லேயே சென்னை மாகாணத்தில் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் வந்தது. அரசு ஒரு களையைத் தீங்கானது என்று அறிவித்தால், அதை ஒழிப்பது நிலத்தை வைத்திருப்பவர் பொறுப்பு. தவறினால் அதிகாரியே ஒழித்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

2017-ல் சீமைக் கருவேலத்தை அகற்றும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதில் நம் திருச்சி உட்பட 13 மாவட்டங்கள் அடக்கம். பட்டா நிலத்துக்காரர்களையும் அந்த உத்தரவு விடவில்லை. அதே ஏப்ரலில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. பிறகு 2022-ல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.

உத்தரவு வரும், தடையும் வரும். முள்ளு மட்டும் காத்திருக்காது. கன்றாக இருந்தால் மழை ஈரத்தில் கையாலேயே பிடுங்கிவிடலாம். மரமாகிவிட்டால் பொக்லைன்தான். மேலோடு வெட்டினால் கட்டையிலிருந்து நாலு மடங்கு துளிர்க்கும். ஓரடி ஆழம் தோண்டி, தூரோடு எடுங்கள். அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளையும் விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் நாட்டுக் கருவேலத்தை வெட்டிவிடாதீர்கள். அதன் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோர்த்த மாலை மாதிரி இருக்கும். சீமைக் கருவேலத்துப் பூ கதிர் மாதிரி நீண்டிருக்கும். ஏரி, வாய்க்கால் புறம்போக்கில் நிற்பதை அனுமதி வாங்காமல் தொடவும் கூடாது.

டவுனில் இருக்கும் பக்கத்துக்காரருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நாலு பேர் சேர்ந்து வண்டி பிடித்தால் வாடகையும் குறையும், மனஸ்தாபமும் வராது.