ஓய்வுக் காலத்தில் ஒரு பக்கக் கதை



நாம் வாழும் தருமபுரிக்குத் தகடூர் என்பது பழைய பெயர். இதை ஆண்ட அதியமான், நீண்ட ஆயுள் தரும் என்று நம்பப்பட்ட நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்ததை நாம் பள்ளியிலேயே படித்தோம். அரசன் நெடுநாள் இருப்பதைவிட, சொல்லத் தெரிந்தவர் நெடுநாள் இருப்பது ஊருக்கு நல்லது என்று அவர் எண்ணினார் போலும். பணி ஓய்வு பெற்ற நம் கையிலும் இறைவன் ஒரு நெல்லிக்கனியை வைத்திருக்கிறார். அந்த ஆண்டுகளை நாம் என்ன செய்கிறோம்?

ஆசிரியர்களாக, செவிலியர்களாக, தபால்காரர்களாக, பேருந்து நடத்துநர்களாக உழைத்தோம். பிள்ளைகள் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பினால் பகல் நீண்டு கிடக்கிறது. தொலைக்காட்சி பேசுகிறது, நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பேச வேண்டியது நம்மிடமும் இருக்கிறதே! சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி 1965இல் பிரிந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. 1997இல் நம் மறைமாவட்டம் உருவானபோது மகிழ்ந்தவர்கள் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் கேழ்வரகுக் களியும் பொட்டலமாக முடிந்த துணிகளுமாகப் பிழைப்பு தேடிப் புறப்பட்ட குடும்பங்களை நாம் அறிவோம். இவற்றையெல்லாம் சொல்லாமலே போய்விட்டால், நம் பேரப்பிள்ளைகள் யாரிடம் கேட்பார்கள்?

ஆகவே, ஒரு சிறுகதை எழுதிப் பார்க்கலாமே! “இந்த வயதிலா?” என்று நாம் தயங்கலாம். குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை நம்மைப் போல ஒரு கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தபோது அவர் பதவியை விட்டு விலகியிருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அடுத்த நாவல் ‘சுகுண சுந்தரி’ 1887இல், அறுபதைக் கடந்த பிறகு வந்தது. நம் காலத்தில், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கம் 1964இல் ‘அக்கா’ என்ற சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டார். பிறகு வேலை அவரை நாடு நாடாக அழைத்துச் சென்றது. அடுத்த தொகுப்பு வர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. ஓய்வு பெற்றுக் கனடாவில் குடியேறிய பிறகும் நிறைய எழுதினார். இடையில் நின்றுபோனது முடிந்துபோனதாகிவிடாது.

நாமெல்லாரும் புத்தகம் போட வேண்டியதில்லை. ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா, ஒரு பக்கம் போதும். ஒரே ஒரு நாளில் நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதுவோம். பெயர்களை மாற்றிவிடுவோம், யாரையும் அவமானப்படுத்த எழுதப்படுவது கதை ஆகாது, அது புறணி.

அன்பார்ந்தவர்களே, நம் ஆண்டவரும் கதை சொன்னவர்தான். ‘எனக்கு அடுத்திருப்பவர் யார்?’ என்று கேட்ட சட்ட அறிஞருக்கு அவர் விளக்கவுரை தரவில்லை. ஒரு சமாரியரின் கதையைச் சொன்னார். லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் காணாமற்போன மகனின் கதையைச் சொல்கிறார். இளையவன் திரும்பி வந்துவிட்டான்; வீட்டில் விருந்து. மூத்தவனோ கோபத்தோடு வெளியே நிற்கிறான். அவன் வாயில் ‘என் தம்பி’ என்ற சொல் வரவில்லை. ‘உம் மகன்’ என்றுதான் தந்தையிடம் பேசுகிறான். தந்தையோ ‘உன் தம்பி’ என்று அந்த உறவைத் திருப்பிக் கொடுக்கிறார். அதோடு கதை நின்றுவிடுகிறது. மூத்தவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை. அந்த முடிவை நம்மிடம் விட்டுவிட்டார்.

நம்மில் எத்தனை பேர் இன்னும் அந்த வாசலில் நிற்கிறோம்! வரப்புத் தகராறு, கிணற்று நீரில் முறை, அப்பா எழுதிவைத்த பத்திரம், தங்கைக்குப் போட்ட நகை... ஒரே ஆலயத்தில் வலப்பக்கம் அண்ணன், இடப்பக்கம் தம்பி. சமாதானம் பகிரும் நேரத்தில் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறோம். பணி ஓய்வு வந்துவிட்டது. இந்தப் பகைக்கு மட்டும் ஓய்வு இல்லை. நற்கருணை வாங்கும் நமக்கு இது சின்னக் காரியமா?

நம் முதல் கதையை இதைப் பற்றியே எழுதுவோம். ஆனால் நம் பக்கத்து நியாயத்தை அல்ல. அதை இத்தனை ஆண்டுகளாக மனத்துக்குள் எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம்! தம்பியே ‘நான்’ என்று பேசுவதாக எழுதுவோம். அன்று அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா? பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வழி இருந்ததா? நாம் வீசிய சொல் அவர் காதில் எப்படி விழுந்தது? நேர்மையாக எழுதினால் பேனா சில இடங்களில் நின்றுவிடும். அந்த இடங்களில்தான் தந்தை வெளியே வந்து நம் கையைப் பிடிக்கிறார். உண்மையான தவறு அவர் பக்கமே இருக்கலாம். அப்போதும் அவர் நமக்கு எதிராளியாக இல்லாமல் மனிதராகத் தெரியத் தொடங்குவார். மன்னிப்புக்கு அதுவே முதல் படி.

எழுதிய கதையை யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் முடிவை மட்டும் காகிதத்தில் எழுத வேண்டாம். அதைத் தம்பி வீட்டு வாசலில் போய் முடிப்போம்.

மன்றாடுவோம். கதைகளால் எங்களுக்குக் கற்பித்த ஆண்டவரே, எஞ்சிய நாள்களை வீணாக்காமல் வாழவும், உடன்பிறந்தோரின் வலியை உணரவும், வாசலில் நிற்காமல் உள்ளே வரவும் எங்களுக்கு வரம் தாரும். ஆமென்.