வீதி உப்பும் நமது வாகனமும்



ரொறன்ரோ வீதிகளில் பனிக்காலத்தில் தூவப்படும் உப்பு நம்மை வழுக்கலிலிருந்து காக்கிறது. அதே உப்பு நமது வாகனத்தின் இரும்பை அரிக்கிறது. அது ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் துரு விரைந்து பரவுகிறது. கடுங்குளிரில் அரிப்பு மெதுவாகவே நிகழும்; வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே சென்றதும் வேகமெடுக்கும். ஆகவே, உப்புப் படிந்த வாகனத்தைக் கழுவாமல் அடுக்குமாடியின் வெதுவெதுப்பான நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நாட்கணக்கில் நிறுத்தி வைப்பது நன்றன்று.

நாம் குனிந்து பாராத அடிப்பகுதியிலேயே ஆபத்து மிகுதி. அங்குள்ள பிறேக் குழாய்கள் துருவேறி வெடித்தால், திரவம் கசிந்து பிறேக் செயலிழக்கக்கூடும்.

இலையுதிர் காலத்திலேயே அடிப்பகுதியைக் கழுவி உலர்த்தி, துருத்தடுப்பு எண்ணெய் தெளிக்கச் செய்யுங்கள். கதவுகளின் கீழ்விளிம்பிலுள்ள வடிதுளைகள் அடைபடாது பார்த்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் குளிர் தணிந்த நாள்களில், அடிப்பகுதியையும் கழுவும் நிலையத்துக்குச் செல்லுங்கள். வீட்டு முற்றத்தில் கழுவும் அழுக்குநீர் வீதி வடிகால் வழியே ஓடைகளைச் சேரும். கழுவியபின் கதவோர இறப்பர்களைத் துடையுங்கள். இல்லையேல் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும். இளவேனிலில் பிறேக் குழாய்களைத் திருத்துநரிடம் காட்டிச் சோதியுங்கள்.

மிதியை அழுத்தியதும் வாகனம் நிற்க வேண்டும். நமக்கும் வீதியைக் கடக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே காப்பு.