விளையாட்டு உலகில் வரவும் செலவும்

பல்லாயிரம் மக்கள், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே, கணினியின் வாயிலாக ஒரு கற்பனை நாட்டில் குடியேறி, வீரனாகவும் வணிகனாகவும் வைத்தியனாகவும் வேடம் பூண்டு ஆடும் ஆட்டத்தைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். தம் வீட்டுப் பிள்ளைகள் அதில் மூழ்கியிருப்பதைக் கண்டவர்களும் பலர். அந்நாட்டின் மலைகளையும் மாளிகைகளையும் தீட்டியவர்கள் ஓவியர்களே. ஆயினும், அங்கே வாழ்வு எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது, ஆடுவோரிடம் பணம் பெறும் முறையே ஆகும். அதனை இன்று சிறிது ஆராய்வோம்.

தொடக்கத்தில் பணப் பேச்சே இல்லை. 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் தொடங்க, அவருடைய தோழர் ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்த ‘மட்’ என்னும் ஆட்டம், படமின்றி வெறும் எழுத்தால் ஆனது. வணிகர் பின்னரே வந்தனர். 1985இல் அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் வழியாக நடந்த ‘ஐலண்ட் ஆஃப் கெஸ்மாய்’ ஆட்டத்திற்கு மணிக் கணக்கில் கட்டணம் வாங்கினார்கள். டாக்சியின் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கையில், வழியில் நிறுத்தி மரத்தடியில் கதை பேச யாருக்கு மனம் வரும்? ஆகவே அவ்வுலகங்கள் சிறியனவாகவே இருந்தன.

1996இல் ‘மெரிடியன் 59’, 1997இல் ‘அல்டிமா ஆன்லைன்’ ஆகியவை மாதச் சந்தா முறையைக் கொணர்ந்தன. பம்பாய் மாட்டுங்காவிலோ, டில்லி கரோல்பாகிலோ மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்து உண்டவர்களுக்கு இதன் இயல்பு உடனே விளங்கும். பணம் கட்டிய பின், ஒரு கரண்டி கூடுதலாக வாங்கினாலும் நமக்குச் செலவில்லை. மெஸ்காரருக்கோ, நாம் அடுத்த மாதமும் வரவேண்டுமே என்பதுதான் கவலை.

அந்தக் கவலையே ஆட்டத்தின் அமைப்பாயிற்று. 1999இல் வெளிவந்த ‘எவர்குவெஸ்ட்’ ஆட்டத்தில் ஒரு படி ஏறப் பல நாட்கள் பிடிக்கும். இறந்துவிட்டால் அரும்பாடுபட்டுச் சேர்த்த தேர்ச்சியில் ஒரு பகுதி போய்விடும். உடைமைகளோ பிணத்தோடு காட்டில் கிடக்கும். திரும்பச் சென்று எடுத்துவர வேண்டும். தனியொருவரால் பெரிய காரியம் ஒன்றும் ஆகாது. இவை கொடுமைகள் போலத் தோன்றலாம். ஆனால் இவையே முன்பின் அறியாத ஒருவரிடம் உதவி கேட்கச் செய்தன, உதவி நட்பாயிற்று, நண்பர் இருக்கும் ஊரை விட்டுப் போக யாரும் விரும்புவதில்லை. சந்தாவைக் காத்தது அந்நட்பே எனலாம். 2004இல் பிறந்த ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ கொடுமையைக் குறைத்து, கூட்டுறவை வைத்துக்கொண்டது. 2010இல் அதன் சந்தாதாரர் 1 கோடியே 20 லட்சத்தை எட்டினர்.

மாதச் சந்தாவே நேர்மையான முறை என்பது நம் கருத்து. செல்வனும் ஏழையும் ஒரே கட்டணத்தில் நுழைகிறார்கள். எனினும் அங்கும் ஒரு சமமின்மை உண்டு. ஓய்வு மிகுந்தவன் முன்னேறுவான்; பகலெல்லாம் உழைப்பவன் பின்தங்குவான். எனவே கற்பனைப் பொன்னை மெய்யான காசுக்கு விற்கும் தரகர்கள் தோன்றினார்கள். எட்வர்டு காஸ்ட்ரோனோவா என்ற பொருளியலறிஞர் 2001இல் இச்சந்தையின் விலைகளைக் கொண்டு, ‘எவர்குவெஸ்ட்’ நாட்டின் தலைவீத உற்பத்தி ரஷியாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டது என்று கணக்கிட்டார்!

நிற்க. கீழ்த்திசையில் வேறொரு வழி பிறந்தது. 2003இல் கொரியாவில் தோன்றிய ‘மேப்பிள்ஸ்டோரி’ நுழைவை இலவசமாக்கி, உடைகளையும் கருவிகளையும் விற்றது. 2006இல் சீனாவில் ஷி யூசூ என்பவரின் நிறுவனம் வெளியிட்ட ‘ஜெங்டூ’ ஆட்டத்தில், காசு கொடுத்துச் சாவி வாங்கினால் புதையற்பெட்டி திறக்கும். உள்ளே இருப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பெரும்பாலோர் ஒன்றும் கொடுப்பதில்லை. மிகச் சிலர் மிகுதியாகக் கொடுக்கிறார்கள். இலவசமாக ஆடுவோர் வீணர் அல்லர். விலைக்கு வாங்கிய வாளைக் கண்டு வியக்கவும், அதற்கு இரையாகவும் ஆள் வேண்டுமன்றோ? இங்கே வசதிக் குறைவும் ஒரு சரக்கு. பையைச் சிறியதாக வைத்து, பெரிய பையை விற்கிறார்கள்.

ஆடுவோர் எப்போதும் வாய்மூடி இருந்தார்கள் என்று எண்ணலாகாது. 2011இல் ஐஸ்லாந்து நிறுவனம் நடத்தும் ‘ஈவ் ஆன்லைன்’ ஆட்டத்தில் வெறும் அலங்காரத்திற்கான ஒற்றைக் கண்ணாடி ஒன்றுக்கு 60 டாலர் அளவில் விலை வைத்தனர். இன்று கண்ணாடி, நாளை வலிமையே விலைக்கு வரும் என அஞ்சிய குடிகள், ஜீட்டா என்னும் சந்தை நகரில் திரண்டு நினைவுச் சின்னத்தைச் சுட்டுக் கிளர்ச்சி செய்தார்கள். நிறுவனத் தலைவர் அவ்வாண்டே மன்னிப்புக் கோரினார். பெட்டி விற்பனையைக் குறித்து அரசுகளும் விழித்தன. பெட்டியினுள் எப்பொருள் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை வெளியிடச் சீனா இட்ட கட்டளை 2017இல் நடைமுறைக்கு வந்தது. 2018இல் பெல்ஜியம் சில ஆட்டங்களின் பெட்டிகளைச் சூதாட்டமெனவே முடிவு செய்தது.

கணக்கு ஒத்துவராவிடில் நாடே மறையும். ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்னும் நகரம் 2004இல் சந்தாவோடு திறந்து, 2011இல் இலவச நுழைவுக்கு மாறி, 2012 நவம்பரில் மூடப்பட்டது. எட்டாண்டு அங்கே பழகியவர்கள் கடைசி இரவில் கூடி நின்று விடைபெற்றார்கள். பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு அது வெறும் விளையாட்டு என்று சொல்லத் தோன்றவில்லை. அவர்களும் ஊரை மறக்கவில்லை. 2019இல் அந்நகரம் அன்பர்களின் கைகளால் மீண்டும் எழுந்தது. 2024 ஜனவரியில் உரிமையுடைய நிறுவனம் அவர்களுக்கு முறையான அனுமதி வழங்கியது. அங்கே சந்தாவும் இல்லை, பெட்டியும் இல்லை. செலவுக்கு வேண்டிய தொகையை ஆடுவோரே நன்கொடையாகத் திரட்டுகிறார்கள்.