குங்குமப்பூ: கிழங்கு வாங்குமுன் கவனியுங்கள்



அண்மைக் காலமாக என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: “ஐயா, குங்குமப்பூ நல்ல விலைக்குப் போகுதாமே, கிழங்கு கொண்டுவந்து தர்றேன்கிறாங்க, நம்ம நிலத்திலே வருமா?” பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன், இந்தச் செடி எது, எங்கே எப்படி வளர்கிறது, நம் ஊருக்குப் பொருந்துமா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

குங்குமப்பூச் செடி குரோக்கஸ் என்ற இனத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் இந்த இனத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில பனி உருகும்போது பூக்கும். கிரீஸ் நாட்டில் ஒரு வகை நடுக் குளிர்காலத்திலேயே பூக்கும். குங்குமப்பூ தருவது ஒரே ஒரு வகைதான். அது குளிர் தொடங்கும் ஐப்பசியில் பூக்கிறது. நம் நாட்டில் காஷ்மீரத்தின் பாம்பூர் பகுதி மேட்டு நிலங்கள்தான் இதற்குப் பேர்போனவை. காஷ்மீரக் குங்குமப்பூவுக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தச் செடி விதை வைக்காது. மலட்டுச் செடி. கிழங்கிலிருந்துதான் இனப்பெருக்கம். ஆகவே ‘குங்குமப்பூ விதை’ என்று யாராவது பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தால், அது வேறு ஏதோ விதை. அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இனி அடையாளம். கிழங்கு சின்ன வெங்காயம் போல உருண்டையாக, அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். மேலே நார் வலை போன்ற பழுப்புத் தோல். ஆனால் உரித்தால் வெங்காயம் போல அடுக்கு அடுக்காக வராது; உள்ளே சேப்பங்கிழங்கு போலக் கெட்டியான சதைதான். இலை புல்லைப்போல ஒடுக்கம். நடுவில் வெள்ளைக் கோடு ஓடும். பூ ஊதா நிறம், ஆறு இதழ். மஞ்சள் நிற மகரந்தத் தாள்கள் மூன்று. நடுவில் மூன்றாகப் பிரிந்த சிவப்புச் சூல்முடி. அந்தச் சிவப்பு இழைதான் குங்குமப்பூ, மற்றதெல்லாம் கழிவு.

மகரந்தத் தாளை ஏன் எண்ணச் சொல்கிறேன் என்றால், கோல்சிகம் என்று இன்னொரு செடி இருக்கிறது. ஐரோப்பாவில் இதே பருவத்தில், ஏறக்குறைய இதே நிறத்தில் பூக்கும். பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் கடும் விஷம். அதற்கு மகரந்தத் தாள் ஆறு. இலை அகலம், வெள்ளைக் கோடு கிடையாது. மூன்று என்றால் குரோக்கஸ், ஆறு என்றால் தொடாதே. இதை மனப்பாடம் பண்ணிக்கொள்ளலாம். அதில் இருக்கும் கோல்சிசின் என்ற நஞ்சு நமக்குப் புதிதல்ல. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறோமே கண்வலிக்கிழங்கு, செங்காந்தள், அதிலும் அதே நஞ்சுதான். இரண்டும் ஒரே குடும்பம். செங்காந்தள் பூவை எண்ணிப் பாருங்கள், அதிலும் மகரந்தத் தாள் ஆறுதான்.

காஷ்மீரத்தில் சாகுபடி எப்படி? ஆடி, ஆவணியில் நடுகிறார்கள். தண்ணீர் தேங்காதபடி பாத்தி மேடாக, சுற்றிலும் வடிகால். ஆழம் அரையடி, வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர், கிழங்குக்குக் கிழங்கு 10 சென்டிமீட்டர். கிழங்கு 8 கிராமுக்குக் குறைந்தால் அநேகமாகப் பூக்காது. அழுகல் நோய்தான் பெரிய எதிரி. ஆகவே காயம்பட்டதைக் கழித்துவிட்டு, பூசணக்கொல்லியில் நனைத்து நடுவார்கள். ஐப்பசியில் பூ வரும். வெயில் ஏறுமுன் பறித்து, அன்றைக்கே இழையைப் பிரித்து உலர்த்த வேண்டும். பிறகு குளிர்காலம் முழுவதும் இலை பச்சையாக நிற்கும். தாய்க் கிழங்கு சுருங்கி, அதன் தலையில் சேய்க் கிழங்குகள் பருக்கும். சித்திரை, வைகாசியில் இலை காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள்ளே உறங்கும்.

நம் ஊரில் தடங்கல் எங்கே வருகிறது? பகல் வெப்பம் 17 டிகிரி அளவுக்கு இறங்கினால்தான் பூ ஒழுங்காக வெளியே வரும். சமவெளியில் அது நடக்காது. மலையில் குளிர் கிடைக்குமே என்பீர்கள். ஆனால் அங்கே பூ எடுக்கும் ஐப்பசிதான் இங்கே அடைமழைக் காலம். ஈரம் தங்கினால் கிழங்கு அழுகிப் போகும்.

இதிலே ஒரு நுணுக்கம் இருக்குது, கவனமாகக் கேளுங்க. பூ மொட்டு கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடும். அதனால் காஷ்மீரத்திலிருந்து வந்த நல்ல கிழங்கைக் குளிர்ந்த அறையில் தட்டில் வைத்தால், மண் இல்லாமலே கூட முதல் வருஷம் பூக்கும். அதைக் காட்டித்தான் ஆசை மூட்ட முடியும். அந்தப் பூ காஷ்மீரத்து மண் கொடுத்த பூ, நம் மண் கொடுத்ததல்ல. அடுத்த வருஷத்துப் பூ சேய்க் கிழங்கிலிருந்து வரவேண்டும். அதற்கு நீண்ட குளிர்காலம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சேய்க் கிழங்கு சுண்டைக்காய் அளவிலேயே நின்றுவிடும், பூ வராது. குளிர்சாதன அறையில் வளர்ப்பவர்கள் இன்று இருக்கிறார்கள். ஆனால் மின்சாரச் செலவையும், கிழங்கைத் திரும்பப் பெருக்கும் வழியையும் கணக்கில் சேர்க்காமல் அதில் இறங்கக் கூடாது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன இடைவெளியில் ஏக்கருக்கு 2 லட்சம் கிழங்கு பிடிக்கும். ஒன்று 10 கிராம் என்றால் 2 டன். ஒரு கிலோ உலர்ந்த குங்குமப்பூவுக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூ வேண்டும். கிழங்குக்கு ஒரு பூ வீதம் எல்லாமே பூத்தாலும் ஏக்கருக்கு ஒன்றே கால், ஒன்றரைக் கிலோவுக்குள்தான். அத்தனை பூவையும் கையால் பறித்து, கையாலேயே பிரிக்க வேண்டும். கூலியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அசல் இழை ஒரு நுனியில் ஊதுகுழல் வாய் போல விரிந்திருக்கும்; சுவையில் இனிப்பு இருக்காது, லேசாகக் கசக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் மெல்ல மெல்ல மஞ்சள் இறங்கும். இழை சிவப்பாகவே இருக்கும். போட்டவுடன் தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால், அது சாயம் ஏற்றிய குசும்பாப் பூவோ மக்காச்சோள நாரோதான்.

ஆகவே, யார் கிழங்கு கொண்டுவந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்த ஊரிலே மூணாவது வருஷமும் பூத்த வயல் எங்கே இருக்குது? காட்டுங்க.” அதை உங்கள் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கிழங்குப் பூவில்தான் ஆசை என்றால், சமவெளிக்குச் சம்பங்கி இருக்கிறது. மலைக்குக் குங்குமப்பூவின் குடும்பத்தைச் சேர்ந்த கிளாடியோலஸ் இருக்கிறது. இரண்டும் இங்கே பழகிய பயிர்கள்.