உழைப்பைப் படமெடுத்தல்



உலகில் முதன்முதலாகத் திரையிடப்பெற்ற படங்களுள் ஒன்று தொழிலாளரைப் பற்றியது. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் லூமியேர் சகோதரர்கள் 1895-இல் தமது தொழிற்சாலை வாயிலில் காமிராவை நிறுத்தி, வேலை முடிந்து வெளியேறுவோரைப் படம் பிடித்தனர். ஒரு நிமிடத்திற்கும் குறைவான அப்படத்தில் தொழிலாளர் உண்டு, தொழில் இல்லை. உழைப்பைப் பற்றிய நமது விவரணப் படங்களிற் பலவும் இன்றுவரை அந்த வாயிலைத் தாண்டவில்லை என்றே கருதுகிறேன்.

காமிராவைத் தொழிற்கூடத்தினுள் கொண்டு சென்றவர்களுள் அமெரிக்காவின் கில்பிரெத் தம்பதியர் முக்கியமானவர்கள். 1912 முதல் அவர்கள் தொழிலாளரின் கையசைவுகளைப் படமெடுத்தனர்; காட்சியிலேயே ஒரு கடிகாரத்தையும் வைத்தனர். வீண் அசைவுகளைக் களைவது அவர்கள் நோக்கம். இத்தகைய கால ஆய்வுகளைத் தொழிற்சங்கங்கள் ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை. எனினும், ஒரு வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் படம் காட்டும் என்ற அவர்களது எண்ணம் நமக்கு வேறொரு வகையிற் பயன்படும்.

கைத்தறியை எடுத்துக்கொள்வோம். 1948-இல் நிறுவப்பெற்ற நம் அரசின் திரைப்படப் பிரிவு கைத்தொழில்கள் பற்றிப் பல படங்களைத் தயாரித்தது. பொதுவாக நெசவுப் படம் என்றால் நாடா குறுக்கே பாயும், கால் மிதியை அழுத்தும், பின்னணியில் இசை ஒலிக்கும், இறுதியிற் சேலை விரியும். அழகிய காட்சிதான். ஆனால் நாடா பாய்வதற்கு முன் நூலைப் பிரிக்க வேண்டும். தார் சுற்ற வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். கஞ்சி தோய்த்து உலர்த்த வேண்டும். இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். இவற்றிற் பெரும்பகுதியை வீட்டுப் பெண்களும் முதியோரும் செய்கின்றனர். கூலியோ பல இடங்களில் நெய்து முடித்த துணிக்கே கணக்கிடப்படுகிறது. 2019-20 ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவாளரும் துணைத்தொழில் புரிவோரும் சுமார் 35 லட்சம் பேர். அவர்களுட் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்களது உழைப்பு படத்தில் இடம்பெறாவிடின், படத்தைப் பார்த்துத் திட்டம் தீட்டும் அலுவலரின் கணக்கிலும் அது இடம்பெறாமற் போகக்கூடும்.

படம் எடுக்கும் முறை பற்றிச் சிறிது கூற வேண்டும். 16 மி.மீ. பிலிமின் 100 அடிச் சுருள், நொடிக்கு 24 சட்டங்கள் வீதம், 2 நிமிடம் 46 நொடிகளே ஓடும். விசை முடுக்கி இயக்கும் போலெக்ஸ் காமிரா ஒரு முடுக்கலுக்கு அரை நிமிடங்கூட ஓடாது. ஆகவே பிலிமில் எடுப்பவர் முதலில் கையேட்டுடன் அமர்ந்து, விடியல் முதல் விளக்கு வைக்கும் வரை வேலையின் முழுச் சுற்றையும் கவனித்தாக வேண்டும். எது எப்போது தொடங்கும், யார் யாருக்காகக் காத்திருப்பார் என்பதை அறியாமற் பொத்தானை அழுத்தினால் சுருள் தீர்ந்துவிடும். இன்றைய மின்னணுக் காமிரா மணிக்கணக்கில் ஓடுகிறது. அதனாலேயே கவனிக்கும் பழக்கம் குறைந்துவிட்டது. குறிப்பேதும் இல்லாத நாற்பது மணி நேரப் பதிவை யார் பார்க்கப் போகிறார்கள்? மாணவர்கள் ஒருமுறையேனும் பிலிமில் எடுத்துப் பழகுதல் நன்று. செலவு அதிகம் என்பது உண்மையே.

காத்திருத்தலையும் படமெடுங்கள். நூல் வராத நாளும், மழையால் பாவு உலராத நாளும் தொழிலின் பகுதிகளே.

காமிராவைப் பிடிப்பவர் யார் என்பதும் முக்கியம். அகமதாபாத்தில் சுயதொழில் புரியும் பெண்களின் சங்கமான ‘சேவா’, 1984-இல் தன் உறுப்பினர்களுக்கு வீடியோப் பயிற்சி அளித்தது. பயின்றோருள் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் இருந்தனர். அவர்கள் எடுத்த படங்கள் சங்கத்தின் பயிற்சிக்கும், அதிகாரிகளிடம் தங்கள் நிலையை எடுத்துரைக்கவும் பயன்பட்டன. கூடை சுமப்பவர் எடுக்கும்போது கூடையின் கனம் மறைவதில்லை.

இறுதியாக அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தைத் தலைமையகத்திற்கு அனுப்புமுன், எந்தத் தெருவில் எடுத்தீர்களோ அந்தத் தெருவிலேயே ஒரு மாலை திரையிடுங்கள். விளக்கவுரை சேர்க்காமலே காட்டுங்கள். எது விடுபட்டது என்று தார் சுற்றும் பாட்டியிடம் கேளுங்கள். அவர் கூறுவதைப் பதிவு செய்து, அவர் சுட்டிய வேலையை மறுநாட் காலையிலேயே படமெடுத்துச் சேர்த்துவிடுங்கள். அதற்கென ஒரு சுருளை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.