சுமை வரைந்த தெருக்கள்

கண்ணைக் கட்டி மதுரைக்குள் விட்டால் மூக்கை வைத்தே இடம் சொல்லிவிடுவார் எங்கள் பெரியப்பா. மிளகாய் வற்றலும் மல்லியும் தும்மலை வரவழைத்தால் கீழமாசி வீதி. புதுத்துணியின் கஞ்சி வாடை வந்தால் விளக்குத்தூண். வாசனை எதுவும் இல்லாமல் ஆட்கள் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினால் தெற்காவணி மூல வீதி, நகைக்கடைகள். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் பார்த்தவர் அவர். ஊரைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து வைக்கும் அந்தப் பழைய வழக்கத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

மதுரையை வரைந்தது கோயில். சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாக வீதிகள். இதில் ஒரு வேடிக்கை, சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில். திருமலை நாயக்கர் மாசியில் நடந்த விழாவைச் சித்திரைக்கு மாற்றிவிட்டார். தேர் பழைய வீதியை விடவில்லை, வீதியும் பழைய பெயரை விடவில்லை. வெளி வீதிகளின் கதை வேறு. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து அவற்றைப் போட்டார்கள். அந்த வேலையோடு சேர்ந்த பெருமாள் மேஸ்திரி, மாரட் இருவரும் இன்றும் தெருப்பெயராக இருக்கிறார்கள்.

ஒரே சரக்கை ஒரே தெருவில் பத்துப் பேர் விற்றால் யாருக்கு லாபம் என்று கேட்கலாம். வாங்குகிறவர் பத்துப் படியும் ஏறி இறங்குவார். அந்தப் பயத்திலேயே விலை ஒழுங்காக நிற்கும். கையில் இல்லாத சரக்கைப் பையனை ஓடவிட்டு எதிர்க்கடையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் சரக்கைப் பிரித்த அதே கோடு ஆட்களையும் பிரித்தது. யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்றும் அது சொல்லிற்று. அந்த அம்சத்தை நான் மெச்சப்போவதில்லை.

எங்கள் போடியை வரைந்தது சுமை. ஜமீன் அரண்மனையும் அதைச் சுற்றிய தெருக்களும் பழைய ஊர். குலாலர்பாளையம் என்ற பெயரிலேயே சக்கரமும் மண்பானையும் இருக்கின்றன. இவற்றைத் தாண்டி ஊர் பெருத்ததெல்லாம் மலையிலிருந்து இறங்கிய மூட்டையால்தான். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்கு வந்தது. 1924 வெள்ளம் மலைமேல் இருந்த அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. நான்கே வருஷத்தில், 1928-இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. உலகப்போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்துப்போனார்கள். 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் நின்று, 2023 ஜூனில் அகலப்பாதையில் வண்டி வந்தது. ஒரு ஸ்டேஷனுக்கு இத்தனை பிறவி!

ஏலக்காய்க் கிடங்குகள் இருக்கும் தெருவுக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை. உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சல்லடையில் அரித்த காய் முன்னால் குவிந்திருக்கும். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும் காய்க்குத் தனி மரியாதை. ஆனால் வெடித்த காயையும் நிறம் வெளுத்த காயையும் சல்லடை அறியாது. அதற்கு விரல்தான் வேண்டும். பேச்சு அதன் பாட்டுக்கு, கை அதன் பாட்டுக்கு. பொறுக்குவதைக் கண்ணால் தொடர முடியாது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் இன்றைக்கு வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால்தான் விலை கேட்கிறார்கள். அதற்கு முன் மாதிரிக் காயைக் கையில் கொட்டி, உருட்டி, உரித்துப் பார்க்காமல் ஒருவரும் பொத்தானைத் தொடுவதில்லை. மதுரைத் தெருக்கள் பேரம் பேசும். போடித் தெரு தொட்டுப் பார்க்கும்.

அப்படியானால் போடியின் எல்லை எது? வரைபடத்தைக் கேட்டால் மலையடிவாரத்தோடு முடிந்தது என்று சொல்லும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விடியும் முன்னே ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் போடிமெட்டுக்கு ஏறுகின்றன. பூப்பாறையும் சாந்தாம்பாறையும் கேரளத்தில்தான் இருக்கின்றன. இருந்தாலும் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு அங்கே போய் ஏலக்காய் எடுக்கும் பெண்களுக்கு அது எங்கள் ஊரின் மேலத்தெரு. பொழுது சாய ஜீப் திரும்பும். ஒவ்வொரு முக்கிலும் இரண்டு பேர், மூன்று பேராக இறங்கி அவரவர் தெருவுக்குப் பிரிந்து போவார்கள். எல்லார் சேலையிலும் ஒரே ஏலக்காய் வாசனை. யார் எந்தத் தெரு என்று பெரியப்பாவின் மூக்காலும் சொல்லியிருக்க முடியாது.