ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டரை யார் எழுதுவது?

பேராசிரியப் பெருமக்களே, கட்டுமான மேலாண்மையில் இன்று முதுநிலைப் பட்டம் பெறும் இளைஞர்களே,

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களையும் கடலில் தள்ளியது. சீரமைக்க முதலில் ஆறு மாதம் கணக்கிட்டார்கள். பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். பொறுப்பேற்ற பொறியாளர் ஈ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. 46 நாளில் பாலம் தயார். மூழ்கிக் கிடந்த கர்டர்களையே தூக்கி மாட்டினார்கள். எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது என்று அன்றன்றைக்கே முடிவெடுக்கும் அந்தத் திறனை நாம் கற்றுத் தருகிறோமா?

திட்டம் முடியும் நாளைத் தீர்மானிக்கும் வேலைத் தொடரை, அதாவது கிரிட்டிக்கல் பாத்தை, போடக் கற்றுத் தருகிறோம். நல்லதுதான். ஆனால் அட்டவணையில் ஒரே கோடாகத் தெரியும் ‘கூரை கான்கிரீட்’ சைட்டில் எப்படி நடக்கிறது? சென்ட்ரிங் முடிந்தால்தான் கம்பி கட்டுபவர் மேலே ஏற முடியும். எலக்ட்ரீஷியன் பைப் பதிக்காமல் கான்கிரீட் போட முடியாது. வாசலில் ரெடிமிக்ஸ் லாரி நிற்கிறது, பம்ப் வரவில்லை, உள்ளே கலவை இறுகிக்கொண்டிருக்கிறது. ‘கொஞ்சம் தண்ணி ஊத்திக்கலாம் சார்’ என்பார் ஒருவர். ஊற்றினால் கான்கிரீட்டின் பலம் போய்விடும். லாரியைத் திருப்பி அனுப்பவும், அந்த நஷ்டத்தை மேலதிகாரிக்கு விளக்கவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலைக்கு வரும் தடைகளைப் பதியும் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டருக்கும் அதே அன்றாடக் கவனம் வேண்டும். டிராயிங் தாமதம், இடம் ஒப்படைக்காதது, வேலையை நிறுத்திய மழை எல்லாம் அன்றைக்கே, தேதியோடும் இரு தரப்புக் கையெழுத்தோடும் அதில் ஏற வேண்டும். பல சைட்டுகளில் கால நீட்டிப்புக் கேட்கும் சமயத்தில்தான் அதைத் தேடி எடுத்து, ஒரே மூச்சில் நிரப்புகிறார்கள். விவகாரம் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனால் அந்தப் பக்கங்கள் செல்லுபடியாவது கடினம். கோடிக்கணக்கான ரூபாய் இப்படிப் போகிறது என்பதுதான் என் வருத்தம்.

பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு செமஸ்டர் முழுக்க மாணவரை சைட்டில் விடுங்கள். அவரே ரெஜிஸ்டர் எழுதட்டும், அதற்கு மதிப்பெண் போடுங்கள். அனுபவமுள்ள மேஸ்திரிகளை மதிப்பூதியம் கொடுத்து வகுப்புக்கு அழையுங்கள். ஆள் பிரிப்பதையும் வேலை வாங்குவதையும் அவர்களைவிட நன்றாக நம்மில் யாரும் சொல்லித்தர முடியாது.

தம்பி தங்கைகளே, உங்களிடம் வேலை பார்க்கப்போகும் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ‘நில்லு’, ‘பெல்ட் மாட்டு’ என்பதையாவது அவர்கள் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று முதல் வாரமே கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பிக் கொடுங்கள்.